எட்டு மாசக் குழந்தைக்கு வாக்கரா, நடைவண்டியா, வெறுந்தரையா?

வாசப்படி (தொடங்கியவர்)
வீட்டில் எட்டு மாதக் குழந்தை. வயிற்றால் நகர்ந்துகொண்டிருந்தது, இப்போது முட்டி போட்டுத் தவழ்கிறது, சோபா விளிம்பைப் பிடித்து எழப் பார்க்கிறது. பகலில் பார்த்துக்கொள்ள ஒரே ஆள். வாக்கர் வாங்கித் தருவேன் என்று பாட்டி, நடைவண்டிக்குச் சொல்லிவிட்டேன் என்று தாத்தா, இரண்டும் வேண்டாம் என்று டாக்டர். தரை முழுக்க வழவழ டைல்ஸ். ஹாலிலிருந்து சமையல்கட்டுக்கு நாலு அங்குலப் படி இறக்கம். எது சரி? காரணத்தோடு சொல்லுங்கள். "எங்க வீட்டுல அப்படித்தான்" மட்டும் வேண்டாம்.

சமையல்கட்டு
வாக்கரே வாங்குங்க. காலையில ஒரு அடுப்புல குக்கர், இன்னொண்ணுல தாளிப்பு, காலுக்கடியில முட்டி போட்டு வர்ற குழந்தை. கடுகு வெடிக்கறப்ப குனிஞ்சு தூக்க முடியுமாங்க? வாக்கர்ல உக்கார வெச்சா நாலாபக்கமும் வேடிக்கை பாக்கும், அழாது, கீழ கிடக்கற எறும்பும் வெங்காயத் தோலும் வாய்க்குள்ள போகாது.

வாங்கறப்ப அடிவளையம் மேல்தட்டை விட அகலமா இருக்கான்னு பாருங்க, அப்பத்தான் கவுறாது. வளையத்துக்கு அடியில ரப்பர் பட்டை இருக்கணும். சக்கரம் படியில இறங்கினா ரப்பர் தரையைப் பிடிச்சு நிறுத்திரும். உள்ளங்கால் முழுசும் தரையில படற மாதிரி உயரம் வெக்கணும். ஒரு தடவைக்கு 15 நிமிஷம், அவ்வளவுதான். ஒழுங்கா வெச்சா ஒண்ணும் ஆகாதுங்க.

முழங்கால்
அந்த "உள்ளங்கால் முழுசும்" என்பதிலேயே சிக்கல் இருக்கிறது. வாக்கரில் குழந்தையின் எடையைத் தொங்கும் இருக்கைத் துணி வாங்கிக்கொள்கிறது, கால் அல்ல. எடை இல்லாத கால் விரல் நுனியால் தரையை உந்தும், உடனே வண்டி ஓடும். அந்த ருசி கண்ட குழந்தை குதிகாலை ஊன்றவே ஊன்றாது. சரியான உயரத்தில் வைத்தாலும் இதுதான் நடக்கும்.

நடை என்பது காலை மட்டும் சார்ந்ததல்ல. தரையிலிருந்து எழுவது, ஒரு காலில் எடையை மாற்றி மறு காலைத் தூக்குவது, தடுமாறினால் தொப்பென்று உட்காருவது, மறுபடி எழுவது எல்லாம் சேர்ந்ததுதான் நடை. வாக்கரில் இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. போதாக்குறைக்கு முன்னால் இருக்கும் தட்டு குழந்தையின் கண்ணிலிருந்து அதன் பாதத்தையே மறைத்துவிடுகிறது.

2002-ல் அயர்லாந்தில் 190 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு வந்தது. வாக்கரில் மொத்தமாகச் சேர்ந்த ஒவ்வொரு 24 மணி நேரத்துக்கும், தனியாக நடப்பது சுமார் 3.3 நாள் தள்ளிப்போனதாகக் கணக்கு.

சமையல்கட்டு
> ஒவ்வொரு 24 மணி நேரத்துக்கும் 3.3 நாள்

கணக்கை முழுசாப் போடுங்க அக்கா. தினம் ஒரு மணி நேரம்னு மூணு மாசம் வெச்சாக்கூட 90 மணி நேரம். அதாவது 12 நாள் தள்ளிப்போகும். பன்னெண்டு நாள்ல என்ன குடி முழுகிப்போச்சு? வாக்கர்தான் காரணம்னும் அதுல நிரூபணம் ஆகலை. ரெண்டும் சேர்ந்து வந்துது, அவ்வளவுதானே.

முழங்கால்
நியாயமான பேச்சுதான். சேர்ந்து வந்தது என்பதற்கு மேல் அந்த ஆய்வு எதையும் நிரூபிக்கவில்லை. பன்னிரண்டு நாள் தாமதத்தில் எந்தக் குழந்தைக்கும் நஷ்டம் இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட அளவின்படி தனியாக நடப்பது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை எப்போது வந்தாலும் இயல்புதான், சராசரி 12 மாதத்தை ஒட்டி. அதில் டெல்லிக் குழந்தைகளும் உண்டு. முட்டி போட்டுத் தவழாமலே நேராக நடந்த குழந்தைகளும் நூற்றுக்கு நாலு பேர் இருந்தார்கள்.

நடை பழக வாக்கர் தேவையே இல்லை என்பதைத்தான் சொல்ல வந்தேன். வேண்டாம் என்று டாக்டர் சொல்வதற்கு முதல் காரணம் விழுவது. அமெரிக்காவில் 1990 முதல் 2014 வரை வாக்கரால் அடிபட்டு அவசரச் சிகிச்சைக்கு வந்த, 15 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகள் 2,30,000-க்கும் மேல் என்று மதிப்பீடு. பத்தில் ஒன்பது பேருக்குத் தலையிலும் கழுத்திலும் காயம். நாலில் மூன்று பேர் மாடிப்படியில் உருண்டவர்கள். கனடா 2004-ல் விற்பனை, இறக்குமதி, விளம்பரம் எல்லாவற்றையும் தடை செய்தது. பழைய வாக்கரை இன்னொருவருக்கு விற்பதும் குற்றம்.

சமையல்கட்டு
அதே அமெரிக்கக் கணக்குல மீதியையும் சொல்லணுமில்லீங்களா? 1990-ல வருஷத்துக்கு 20,650 பேர், 2014-ல 2,001 பேர். பத்துல ஒண்ணாக் குறைஞ்சிருக்கு. நடுவுல 1997-ல படி விளிம்புல நிக்கற மாதிரி வாக்கர் செய்யணும்னு தர விதி வந்துச்சு. அந்த ரப்பர் பட்டையைத்தான் நானும் சொன்னேன். தவிர, கேட்டவரு வீட்டுல மாடிப்படியே இல்லை.

தச்சுப்பட்டறை
மாடிப்படி இல்ல, சரி. நாலு அங்குல இறக்கம் இருக்கே தாயி. மாடியில ஒவ்வொரு படியும் ஆறேழு அங்குலம். நாலு அங்குலத்துல உருண்டு போகாது, மூக்கு குத்திக் கவுறும். இறங்குற இடம் எது? அடுப்பு இருக்குற இடம்.

ரப்பர் பட்டை நிக்குமான்னு வீட்டுலயே பாத்துடலாம். இருக்கையில 8 கிலோ அரிசி மூட்டையை வச்சு, படியை நோக்கி வேகமாத் தள்ளி விடுங்க. முன்சக்கரம் விளிம்பைத் தாண்டி இறங்கினதும் பட்டை டைல்ஸ்ல உக்காந்து இழுத்துப் பிடிக்கணும். பிடிச்சா நல்லது. அப்புறம் அதே பட்டையில கொஞ்சம் எண்ணெய்க் கையைத் தடவிட்டு இன்னொரு தடவை தள்ளிப் பாருங்க. சமையல்கட்டு ஓரத்துத் தரையில எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத வீடு எது? தெருவோரக் கடையில தொங்குற பாதி வாக்கரைத் திருப்பிப் பாத்தா பட்டையே இருக்காது, வெறும் பிளாஸ்டிக் வளையம்.

நடைவண்டி செய்யுங்க. ஆனா தாத்தா சொன்னாருங்கிறதுக்காகப் பழைய அளவுல செய்யாதீங்க.

வாசப்படி
பழைய அளவில் என்ன கோளாறு? மூன்று சக்கரம் வைத்த வண்டிதானே எல்லா வீட்டிலும் இருந்தது?

தச்சுப்பட்டறை
இருந்துச்சு, மண் தரையில. மேடு பள்ளத்துல நாலு சக்கரம் ஆடும், மூணு சக்கரம் எப்பவும் உக்காரும். மண்ணே பிரேக்கும் போட்டுரும். டைல்ஸ்ல ரெண்டுமே தலைகீழ். முன்னால ஒத்தச் சக்கரம் இருந்தா, குழந்தை கைப்பிடியோட ஒரு ஓரத்தை அமுக்குன உடனே அந்தப் பக்கமாச் சாயும். நாலு சக்கரமே வையுங்க.

கைப்பிடி உயரம்: குழந்தையைச் சுவத்தோரம் நிப்பாட்டி, தொப்புளுக்கும் நெஞ்சுக்கும் நடுவுல தரையில இருந்து அளங்க. 16, 17 அங்குலம் வரும். பின் சக்கரம் ரெண்டுக்கும் நடுவுல 14 அங்குலம், மொத்த நீளம் 18. முக்கியமானது கைப்பிடி நிக்கிற இடம். பின் அச்சுக்கு 3 அங்குலமாவது முன்னால நிக்கணும். அச்சுக்குப் பின்னால போச்சுன்னா, குழந்தை தொங்கும்போது முன்பக்கம் தூக்கிக்கிட்டு வண்டி குழந்தை மேலயே மல்லாந்துரும். விழுற நடைவண்டியில முக்காவாசி இதனாலதான் விழுது.

முன்பலகையில ரெண்டு கிலோ உப்புப் பாக்கெட்டைத் துணியில சுத்திக் கட்டுங்க. சக்கரத்து மேல பழைய சைக்கிள் டியூபை வளையமா வெட்டி இழுத்து மாட்டினா வழுக்காது. அச்சு ஆணியில வாஷர் போட்டு, சக்கரம் கையால உருட்டினா ஒரு சுத்துல நிக்கிற அளவுக்கு நட்டை இறுக்குங்க. மழைக்காலத்துல மரம் ஊதி ஒரு பக்கச் சக்கரம் மட்டும் இறுகும். அப்ப வண்டி வட்டம் போடும், குழந்தை பக்கவாட்டுல போய் விழும். மாசம் ஒரு தடவை உருட்டிப் பாத்துக்கணும்.

பெயின்ட் வேண்டாம், மரம் மரமாவே இருக்கட்டும். கைப்பிடி எப்பவும் வாயிலதான் இருக்கும். வீட்டுப் பெயின்ட்டுல ஈயம் பத்து லட்சத்துல 90 பங்குக்கு மேல கூடாதுன்னு 2017 நவம்பர்ல விதி அமலுக்கு வந்துச்சு. பரண்ல கிடக்குற பழைய டப்பாவுக்கு அதெல்லாம் தெரியாது.

முழங்கால்
அளவுகள் அருமை அண்ணே. ஒன்று சேர்க்க வேண்டும்: எட்டு மாதத்தில் இதுவும் வேண்டாம். எழுந்து நிற்கவே வண்டியைப் பிடிக்கும் குழந்தை அதைத் தன் பக்கம்தான் இழுக்கும், வண்டி உருண்டு வரும். சுவரையோ கட்டிலையோ பிடித்துப் பக்கவாட்டில் நாலைந்து எட்டு வைக்க வந்த பிறகு கொடுங்கள். பெரும்பாலும் பத்து, பதினோரு மாதம் ஆகும்.

பிள்ளைத்தமிழ் பாடினவர்களுக்கு இந்த வரிசை தெரிந்திருக்கிறது. ஐந்தாம் மாதம் செங்கீரை: கை ஊன்றி, ஒரு முழங்கால் மடக்கி, தலை நிமிர்த்தி ஆடுவது. பதின்மூன்றாம் மாதம் வருகை: நடந்து வரச் சொல்லி அழைப்பது. ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிறுதேர் பத்துப் பருவத்தில் கடைசி. நடந்த பிறகுதான் தேர்!

தச்சுப்பட்டறை
அந்தத் தேர் இழுக்குறது, இந்த வண்டி தள்ளுறது. ரெண்டையும் ஒண்ணாக்காதீங்க. மத்தபடி பத்து மாசத்துக்கு மேலங்கிறது சரிதான்.

சமையல்கட்டு
நல்லாப் பேசறீங்க ரெண்டு பேரும். பத்து மாசம் வரைக்கும் வண்டி வேண்டாம், வாக்கர் வேண்டவே வேண்டாம். சரி, காலையில எட்டு மணிக்குக் குழந்தையை எங்கீங்க வெக்கறது? இதுக்கு ஒருத்தரும் பதில் சொல்லலை.

மேல்தாழ்ப்பாள்
இந்த இழையில் உருப்படியான கேள்வி இதுதான். வாக்கர் வாங்குகிறவர்களில் பலர் நடை பழக்க வாங்குவதில்லை, குழந்தையை ஓரிடத்தில் நிறுத்திவைக்க வாங்குகிறார்கள். நிறுத்திவைக்கும் பொருளுக்குச் சக்கரம் எதற்கு? வாக்கர் ஒரு நொடியில் மூன்றடி ஓடும். அடுப்பிலிருந்து நீங்கள் திரும்பி "ஏய்" என்பதற்குள் ஹாலைக் கடந்துவிடும். உட்கார்ந்த உயரத்தில் கை மேசை விளிம்புக்கு எட்டும், சாம்பார்க் கிண்ணம் தலையில் கவிழும்.

பாதிக் கதவு போடுங்கள். 12 மி.மீ. பிளைவுட், 30 அங்குல உயரம், இரண்டு பக்கமும் மொழுக்கென்று இருக்கட்டும். குறுக்குச் சட்டம் வைத்தால் குழந்தைக்கு அது ஏணி. அடியில் இடைவெளி இரண்டு அங்குலத்துக்குள், தலை நுழையக் கூடாது. கதவு ஹால் மட்டத்தில் நிற்கட்டும், படிக்குக் கீழே அல்ல. கொக்கியைச் சமையல்கட்டுப் பக்கம் கீழே தள்ளி வையுங்கள். குழந்தை உங்களைப் பார்க்கும், நீங்கள் குழந்தையைப் பார்ப்பீர்கள், நடுவில் எண்ணெய் மட்டும் போகாது.

சமையல்கட்டு
கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு அழுமே?

மேல்தாழ்ப்பாள்
அழும். கதவோரம் ஒரு தாம்பாளத்தில் டம்ளர், மூடி, மரக்கரண்டி, இட்லித் தட்டு. தினமும் ஒன்றை மாற்றிவிட வேண்டும், அதே டம்ளருக்கு மறுநாள் மதிப்பு கிடையாது. சத்தம் நின்றால்தான் எட்டிப் பார்க்க வேண்டும்.

அந்த ஹாலில் முதலில் நீங்கள் ஒருமுறை முட்டி போட்டுச் சுற்றி வாருங்கள். தொங்கும் அயர்ன் பாக்ஸ் வயர், தாழ்ந்த பிளக்கில் கொசு மருந்து மெஷின், சுவரோடு கட்டாத டி.வி. ஸ்டாண்டு, குத்துவிளக்கு, இழுத்தால் வரும் மேசை விரிப்பு எல்லாம் அந்த உயரத்தில்தான் கண்ணில் படும். ரிமோட்டிலும் பொம்மையிலும் இருக்கும் காசு மாதிரி பேட்டரியின் மூடி திருகாணியில் இருக்கட்டும். விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே புண்ணாக்கிவிடும், ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான்.

குளியலறை வாளியைக் கவிழ்த்து வையுங்கள். தலை கனமானது. எட்டிப் பார்த்துக் கவிழ்ந்த குழந்தையால் திரும்ப எழ முடியாது, இரண்டு அங்குலத் தண்ணீர் போதும். தாழ்ப்பாள் கதவின் மேல் கோடியில், வெளிப்பக்கம்.

முழங்கால்
டைல்ஸுக்கு ஒரு வார்த்தை: சாக்ஸ் போடாதீர்கள், வெறுங்கால் போதும். எண்ணெய் தேய்த்த அன்று உள்ளங்காலைத் துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு இறக்குங்கள். வழுக்குவது கால்தான், பழி தரைக்கு. கோரைப்பாய் வேண்டாம், டைல்ஸ் மேல் அது தானே நகரும். அடியில் பிடிப்புள்ள விரிப்பு நல்லது.

வாசப்படி
கதவுக்கு ஆசாரியிடம் சொல்லிவிட்டேன். ஒரு சங்கடம்: பாட்டி இன்று காலையே வாக்கரோடு வந்து இறங்கிவிட்டார். திருப்பித் தர முடியாது.

சமையல்கட்டு
பாட்டி ஜெயிச்சாச்சு!

தச்சுப்பட்டறை
தலைகீழாத் திருப்புங்க. சக்கரம் ஒவ்வொண்ணும் கிளிப்புலயோ திருகாணியிலயோதான் நிக்கும், எல்லாத்தையும் கழட்டிருங்க. அடிவளையம் தரையில உக்காந்துரும். உயரம் ஒண்ணரை அங்குலம் இறங்கும், அதனால இருக்கையை ஒரு படி ஏத்தி மாட்டுங்க.

முழங்கால்
சக்கரம் போனால் பாதி ஆபத்து போகும், ஒத்துக்கொள்கிறேன். தொங்கும் இருக்கை போகவில்லையே. 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அதோடு, அது சக்கரத்தில் நிற்கவென்று செய்தது, வளையத்தில் நிற்க அல்ல. அரிசி மூட்டையை வைத்து நாலு பக்கமும் சாய்த்துப் பாருங்கள். ஒரு பக்கம் ஆடினாலும் பரணில் ஏற்றிவிடுங்கள்.

தச்சுப்பட்டறை
ஆடுற பக்கம் ரப்பர் அட்டை ஒட்டினா நிக்கும்.

முழங்கால்
ஒட்டின அட்டையைக் குழந்தை பிய்த்து வாயில் போடும் அண்ணே.