லண்டனில் பாட்டைத் தேடி நடந்தபோது நீங்கள் சந்தித்தவர்கள் யார்?

நானும் தங்கையும் பள்ளி நாட்களிலிருந்து பேசிவந்த பயணம் இது. லண்டன் போய்ச் சேர்ந்த மறுநாள் காலையிலேயே பீட்டில்ஸ் இசைக்குழுவின் 'அபி ரோடு' இசைத்தட்டுக்கு அட்டைப்படம் எடுத்த அபி ரோடு தெருவுக்குக் கிளம்பினோம். போன அவசரத்தில் தவறான இடத்தில் இறங்கிவிட்டோம். நகரின் கிழக்கே டாக்லேண்ட்ஸ் ரயில் தடத்தில் அதே பெயரில் ஒரு நிலையம் இருக்கிறது. 2011-இல் திறந்தது, பீட்டில்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. முதல்முறை போகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்: இறங்க வேண்டியது ஜூபிலி தடத்தில் உள்ள செயின்ட் ஜான்ஸ் வுட். அங்கிருந்து ஐந்து நிமிட நடை. ஒரு மணி நேரம் போயிற்றே என்று தங்கை முகம் வாடிவிட்டது. அந்தத் தாமதம் இல்லையென்றால் அவர்களைப் பார்த்திருக்கவே மாட்டோம்.

அட்டைப்படத்தில் சாலையைக் கடப்பவர்கள் நான்கு பேர். நாங்கள் இரண்டு பேர். எதிர் நடைபாதையில் ஒரு பெரியவரும் அவர் மகளும் எங்களைப் போலவே தயங்கி நின்றிருந்தார்கள். போர்ச்சுகலிலிருந்து வந்தவர்கள். பெரியவருக்கு ஆங்கிலம் அதிகம் வரவில்லை. பையிலிருந்து அந்த இசைத்தட்டின் உறையை எடுத்து நீட்டினார். நான்கு முனைகளும் தேய்ந்து, முதுகில் பழுப்பேறிய ஒட்டுநாடா. எங்கள் நால்வரையும் விரலால் எண்ணினார். வேறு பேச்சே தேவைப்படவில்லை.

1969 ஆகஸ்ட் 8 அன்று புகைப்படக்காரர் இயன் மேக்மில்லன் நடுச்சாலையில் ஏணி போட்டு நின்று ஆறே படங்கள் எடுத்தார். பத்து நிமிட வேலை. போக்குவரத்தை நிறுத்த ஒரு போலீஸ்காரர் இருந்தார். எங்களுக்கு ஏணியும் இல்லை, போலீஸும் இல்லை. நாயுடன் நடக்க வந்த ஒரு பெண்மணி, கேட்காமலேயே கைபேசியை வாங்கிக்கொண்டார். எங்கே நின்றால் மரங்கள் சரியாக விழும் என்பது அந்தப் பகுதிக்காரரான அவருக்கு மனப்பாடம்.

மழை அப்போதுதான் விட்டிருந்தது. பெரியவர் குனிந்து காலணிகளைக் கழற்றினார். காலுறைகளை ஒன்றோடொன்று மடித்து உள்ளே வைத்தார், காலணிகளை வேலியோரம் ஜோடியாக நிறுத்தினார். படத்தில் பால் மெக்கார்ட்னி வெறுங்காலோடு நடக்கிறார் அல்லவா? அவருடைய நடை மட்டும் மற்ற மூவரோடு சேராமல் கால் மாறியிருக்கும். பெரியவர் அதையும் விடவில்லை. உறையைப் பார்த்துப் பார்த்து எங்கள் கால்களைச் சரிசெய்தார். மூன்று முறை கடந்தோம். மூன்றாவது முறை ஒரு பஸ் ஓட்டுநர், நாங்கள் படத்தைப் பார்த்துத் தலையசைக்கும்வரை வண்டியை எடுக்கவில்லை.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

* * *

காலுறையை மடித்து வைத்த இடத்தை இரண்டு முறை படித்தேன், அக்கா. எனக்கு நடந்தது புரூக் தெருவில். அங்கே 25-ஆம் எண் வீட்டில் 1723 முதல் 1759-இல் இறக்கும்வரை இசையமைப்பாளர் ஹேண்டல் வாழ்ந்தார். சுவரை ஒட்டிய 23-ஆம் எண்ணின் மேல்மாடியில் 1968-69-இல் ராக் கிதார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ். இன்று இரண்டும் சேர்ந்து ஒரே அருங்காட்சியகம்.

நான் ஹெண்ட்ரிக்ஸுக்காகப் போனவன். அவருடைய படுக்கையறையில் ஒரு முதியவர் திரைச்சீலைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஹேண்டலுக்காக மட்டுமே வந்தவராம். இது யாருடைய அறை என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். ஒரு பாட்டுகூடக் கேட்டதில்லை என்றார். ஹெண்ட்ரிக்ஸ் பாட்டு ஒன்றைப் போட்டு என் ஹெட்ஃபோனைக் கொடுத்தேன். கண்ணை மூடி முழுப் பாட்டையும் கேட்டார், ஒரு விரல் மட்டும் கைத்தடியின் பிடியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் வாழ்ந்தவர் யாரென்று தெரிந்ததும் ஹெண்ட்ரிக்ஸ் ஹேண்டலின் இசைத்தட்டுகளை வாங்கிக் கேட்டார் என்று நான் சொன்னபோது அவருக்கு உண்டான மகிழ்ச்சியைப் பார்க்க வேண்டுமே! உடனே என் கையைப் பிடித்து அடுத்த வீட்டுப் பகுதிக்கு அழைத்துப்போனார். 'மெசையா' என்ற தன் புகழ்பெற்ற இசைப்படைப்பை ஹேண்டல் 1741-இல் இந்த வீட்டில்தான் மூன்று வாரத்துக்குச் சற்றுக் கூடுதலான நாட்களில் எழுதி முடித்தார் என்று சொல்லி, அதில் ஒரு பகுதியை அடிக்குரலில் பாடியும் காட்டினார். அன்றிரவு அறைக்குத் திரும்பி முழுவதையும் கேட்டேன். இன்றும் மாதம் ஒருமுறையாவது கேட்கிறேன்.

* * *

என்னுடையது சின்ன அனுபவம். அலுவலக வேலையாகப் போனபோது ஒரே ஒரு மதியம் கிடைத்தது. நேராக சாவில் ரோ 3-ஆம் எண்ணுக்குப் போனேன். 1969 ஜனவரி 30 அன்று பீட்டில்ஸ் அந்த மொட்டைமாடியில் 42 நிமிடங்கள் வாசித்தார்கள். தெருவிலிருந்து பார்த்தால் மாடியின் விளிம்பு மட்டும்தான் தெரிகிறது. எதிர் நடைபாதையில் அண்ணாந்து நின்றேன்.

தையல் கடைகளுக்குப் பேர்போன தெரு அது. கழுத்தில் அளவு நாடாவோடு ஒருவர் வெளியே வந்து, இன்னும் நான்கு அடி தள்ளி நில்லுங்கள், மாடியின் கம்பி தெரியும் என்றார். தள்ளி நின்றேன், தெரிந்தது. அவரும் பக்கத்தில் வந்து அண்ணாந்து பார்த்தார். உள்ளேயிருந்து யாரோ கூப்பிடும்வரை இருவரும் அப்படியே நின்றோம்.