முன்பகுதி பொய் என்றால் முழுச் சூத்திரமும் எப்படி உண்மையாகும்?

களுவாஞ்சிகுடி மாணவி:
ஏ.எல். உயர்தரப் பரீட்சைக்கு அளவையியல் (தர்க்கம்) எடுத்திருக்கிறேன். ம, இ ஒவ்வொன்றும் உண்மையா பொய்யா என்ற நான்கு நிலைகளையும் வரிவரியாகக் காட்டும் உண்மை அட்டவணையில் ‘ம → இ’ (‘ம என்றால் இ’) வந்தாலே மூன்றாம், நான்காம் வரிகள் இடிக்கின்றன. ம பொய் என்றால், இ எதுவாக இருந்தாலும் முழுவதும் உண்மையாம். அப்போ ‘மட்டக்களப்புக் கல்லடிப் பாலம் காலி நகரில் இருந்தால் 2 உம் 2 உம் 5’ என்பதும் உண்மையா? கிளாஸில் கேட்டால் பாடமாக்கச் சொல்கிறார்கள். பாடமாக்கிவிட்டேன், விளங்கத்தான் இல்லை.

அக்கரைப்பற்று காக்கா:
‘மழை பெய்தால் கிளாஸ் இல்லை’ என்று சேர் சொல்கிறார். மழை வரவில்லை. கிளாஸ் நடந்தாலும் நடக்காவிட்டாலும் சேர் பொய் சொன்னார் என்று சொல்ல ஏலாதே தங்கச்சி. பொய் இல்லையென்றால் உண்மை.

ஆரையம்பதி பழைய வாத்தியார்:
அக்கரைப்பற்றுத் தம்பி சொன்னது பாதித் தூரம். ‘பொய் இல்லை’ என்பதிலிருந்து ‘உண்மை’க்குத் தாவ, பெறுமானம் உண்மை, பொய் இரண்டுதான் என்ற ஏற்பாடு வேண்டும்.

‘ம → இ’ வெறும் குறி வரிசை, மகள். ‘→ ம இ’ என்று எழுதினால் நீங்கள் படிக்கும் விதிப்படி அது நற்சூத்திரமே (விதிப்படி சரியாக அமைந்த சூத்திரமே) இல்லை; பொய் என்றுகூடச் சொல்ல முடியாது. ம, இ எவற்றைக் குறிக்கின்றன என்பதைச் சுருக்கத்திட்டம் சொல்லும். அம்புக்குப் பொருள் அந்த நான்கு வரிகள் மட்டும்தான். காரணம், தொடர்பு எதையும் அதற்குள் தேடாதீர்கள்.

சரி, ஏன் அந்த நான்கு? ‘ஓர் எண் 4 ஆல் வகுபட்டால் 2 ஆலும் வகுபடும்.’ எல்லா எண்ணுக்கும் இது சரிதானே? 8 ஐப் போடுங்கள்: முன்பகுதி உண்மை, பின்பகுதி உண்மை. 6: பொய், உண்மை. 7: பொய், பொய். 6 க்கோ 7 க்கோ ‘பொய்’ என்று எழுதினால் பொதுவிதியே விழுந்துவிடும். முன்பகுதி உண்மையாகிப் பின்பகுதி பொய்யாகும் எண் மட்டும் எங்கே தேடினாலும் அகப்படாது.

இந்த வரையறை பண்டைக் கிரேக்கத்தின் மெகாரா தத்துவ மரபைச் சேர்ந்த பைலோ சொன்னது. அவருடைய ஆசிரியர் டியோடோரஸே ஒத்துக்கொள்ளவில்லை. எந்த நிபந்தனை சரி என்று கூரைமேல் காகங்கள்கூடக் கரைகின்றன என்று கவிஞர் கலிமாக்கஸ் கிண்டலடித்திருக்கிறார்.

களுவாஞ்சிகுடி மாணவி:
6, 7 பிடிபட்டது சேர். கல்லடிப் பாலம் இன்னும் உறுத்துகிறது.

ஆரையம்பதி பழைய வாத்தியார்:
உறுத்தட்டும். பேச்சில் நாம் தொடர்பையும் எதிர்பார்க்கிறோம், அம்பு அதைப் பிடிப்பதில்லை. பரீட்சைக்கு வேறொன்றைக் கவனியுங்கள்: ‘ம ஆனால் மட்டுமே இ’ என்று வந்தால் ‘இ → ம’ என்றுதான் எழுத வேண்டும். பிள்ளைகள் அதிகம் சறுக்குவது அங்கேதான்.