பிதா, குமாரன், பரிசுத்த ஆவி: ஒரே கடவுளா, மூன்று பேரா?

திருப்பூர்க்காரன்:
வணக்கமுங்க. கம்பெனியில் கூட வேலை செய்யும் அண்ணன் சி.எஸ்.ஐ. சபை. கடவுள் ஒருவர்தான் என்கிறார், ஆனால் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூவரையும் வணங்குகிறார். இயேசுவே கடவுள் என்றால் கெத்செமனே தோட்டத்தில் யாரிடம் ஜெபம் செய்தார்? நம்ம மும்மூர்த்தி மாதிரி எடுத்துக்கொள்ளலாமா? சண்டைக்குக் கேட்கவில்லைங்க, புரியாமல்தான் கேட்கிறேன்.

நொய்யல்கரை:
ரொம்ப ஈஸிங்க. தண்ணீர், ஐஸ், நீராவி. பொருள் ஒன்று, நிலை மூன்று. ஓய்வுநாள் பள்ளியில் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

கருமத்தம்பட்டி:
அந்தத் தண்ணீர்க் கதையை விட்டுவிடுங்க. ஒரே ஆள் சமயத்துக்கு ஒரு வேஷம் போடுகிறார் என்றுதான் அதற்கு அர்த்தம் வரும், 3ஆம் நூற்றாண்டில் சபெல்லியுஸ் பெயரில் கிளம்பிய அந்தக் கருத்தைச் சபை அப்போதே தள்ளிவிட்டது. மத்தேயு 3ஆம் அதிகாரத்தைப் பாருங்க: குமாரன் யோர்தானில் ஞானஸ்நானம் பெற்றுக் கரையேறுகிறார், ஆவி புறாவைப்போல இறங்குகிறார், வானத்திலிருந்து பிதாவின் குரல் கேட்கிறது. மூவரும் ஒரே நேரத்தில். கெத்செமனேயிலும் குமாரன் பிதாவிடம்தான் பேசுகிறார், தனக்குத்தானே இல்லை.

"கடவுள் என்ன?" என்று கேட்டால் ஒன்று, "யார்?" என்று கேட்டால் மூவர். ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு என்றும் கிடையாது, ஒவ்வொருவரும் முழுக் கடவுள். மும்மூர்த்தி என்றதும் படைத்தல், காத்தல், அழித்தல் என்று ஆளுக்கொரு தொழில்தானே நினைவுக்கு வரும், இங்கே அப்படிப் பிரிப்பதில்லை. உறவில்தான் வேறுபாடு: குமாரன் பிதாவிடமிருந்து பிறந்தவர், ஆவி புறப்பட்டு வருபவர்.

பவானிப் பையன்:
இந்த மூவர் கொள்கை எல்லாம் ரோமாபுரி கான்ஸ்டன்டைன் ராஜா 325இல் நிசேயா ஊரில் கட்டிவிட்டது என்கிறார்களே?

கருமத்தம்பட்டி:
அவர் அங்கே பிஷப்மார் சங்கத்தைக் கூட்டினார், சரி. ஆனால் மூவர் பெயரால் ஞானஸ்நானம் என்பது மத்தேயு 28:19இலேயே இருக்கிறது. அதோடு அவர் மகன் கான்ஸ்டான்டியுஸ், குமாரன் படைக்கப்பட்டவர்தான், பிதாவுக்குச் சமம் இல்லை என்ற ஆரியுஸ் கட்சிப் பக்கம் சாய்ந்தவர். குமாரனும் பிதாவைப் போலவே முழுக் கடவுள் என்ற நிசேயா முடிவுக்காக நின்ற அலெக்சாந்திரியா பிஷப் அத்தனாசியுஸை ஐந்து தடவை நாடு கடத்தினார்கள். 381இல் கான்ஸ்டான்டிநோப்பிள் சங்கம் வரை இழுபறிதான். ராஜா சொன்னதும் முடிந்த காரியம் மாதிரியா தெரிகிறது?

திருப்பூர்க்காரன்:
என்ன, யார் என்பது பிடிபடுகிறதுங்க. ஆனால் பிறந்தவர் என்றால், பிறப்பதற்கு முன்னால் அவர் இல்லைதானே?

கருமத்தம்பட்டி:
ஆரியுஸ் கட்சி சொன்னதும் அச்சு அசலாக இதுதானுங்க! அத்தனாசியுஸ் தரப்புப் பதில்: பிள்ளை இல்லாமல் ஒருவர் தகப்பன் ஆக முடியாது. பிதா என்றைக்கும் பிதா என்றால் குமாரனும் என்றைக்கும் இருந்தாக வேண்டும். இந்தப் பிறப்பு காலத்துக்குள் நடந்தது அல்ல, காலமே படைக்கப்பட்டதுதானே.