காக்டெயில் கலக்க அளவு எதற்கு?

துடுக்கன்:
ரம், எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு சேர்ந்த டைகிரி கலக்கலாம் என்று பார்த்தால் வீட்டில் எலுமிச்சை இல்லை. ஆரஞ்சைப் பிழிந்துவிட்டேன். சர்க்கரைப் பாகுக்குப் பதில் தேன். ரம் கண்ணளவுதான். அருமையாக இருந்தது. இங்கே ஆளாளுக்கு 60 மில்லி, 22 மில்லி என்று மருந்து கலப்பதுபோல் அளந்துகொண்டிருக்கிறீர்கள். வீட்டில் குடிக்கிற கோப்பைக்கு யார் மார்க் போடப்போகிறார்கள்?

அளவுக்காரன்:
உங்களுக்குப் பிடித்திருந்தால் சரி. ஆனால் நீங்கள் குடித்தது ரம் ஊற்றிய ஆரஞ்சு ஜூஸ். எலுமிச்சைச் சாற்றில் அமிலம் ஏறக்குறைய 6 சதவீதம். ஆரஞ்சில் 1 சதவீதத்தைத் தொடுவதே அபூர்வம். போதாததற்குத் தேன் வேறு. அந்த இனிப்பை அடக்க கோப்பையில் எதுவுமே இல்லை. ஆரஞ்சுதான் வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு: லிட்டர் சாற்றுக்கு 32 கிராம் சிட்ரிக் அமிலமும் 20 கிராம் மாலிக் அமிலமும் கரைத்தால் புளிப்பு எலுமிச்சை அளவுக்கு ஏறிவிடும்.

துடுக்கன்:
ஒரு கோப்பை குடிக்க அமிலமும் தராசுமா? நல்ல கூத்து. ஜின், கம்பாரி என்ற கசப்பு மது, இனிப்பு வெர்மூத் என்ற மூலிகை ஒயின் மூன்றும் சேர்ந்தால் நெக்ரோனி. அதில் வந்த நெக்ரோனி ஸ்பாலியாட்டோ தெரியுமல்லவா? மிலானில் ஒரு பார்டெண்டர் ஜின் பாட்டில் என்று நினைத்து நுரைக்கும் ஒயினை எடுத்து ஊற்றியதில் பிறந்தது என்றுதான் சொல்கிறார்கள். கைதவறல்தான் அதற்கு ரெசிபி.

அளவுக்காரன்:
அந்தக் கதை என் கட்சிக்குத்தான் சாட்சி. மாறியது ஜின் மட்டும். கம்பாரியும் இனிப்பு வெர்மூத்தும் அப்படியே இருந்தன. நெக்ரோனியில் ஜின்னுக்குப் பதில் போர்பன் விஸ்கி ஊற்றினால் அது பூல்வார்டியே என்ற காக்டெயில், அதிலும் ஒன்றுதான் மாறுகிறது. ஒன்றை மட்டும் மாற்றினால், ருசி கெட்டாலும் எதனால் கெட்டது என்று உடனே தெரியும். நீங்கள் மூன்றிலும் கைவைத்துவிட்டீர்கள். நன்றாக வந்ததையே மறுபடி கலக்கச் சொன்னால் உங்களால் முடியுமா?

துடுக்கன்:
மறுபடி அதையே எதற்குக் கலக்கணும்? அடுத்தது வேறாக இருக்கட்டும் என்றுதானே கலக்கிறேன்.

பனிக்கட்டி:
இடையில் வருகிறேன், மன்னிக்கவும். சாற்றுக்கும் தேனுக்கும் சண்டை போடுகிறீர்கள், ஐஸை இருவருமே மறந்துவிட்டீர்கள். குலுக்கி வடித்த பானத்தில் கால் பங்குக்குக் குறையாமல் ஐஸ் உருகிய தண்ணீர்தான். ஃபிரீசரிலிருந்து எடுத்து வெளியே வைத்து, ஈரம் சொட்டுகிற சின்னச் சின்னக் கட்டிகளைப் போட்டால் பானம் நீர்த்துப் போகும். அப்புறம் ரம் சரியில்லை என்று புலம்புவோம். துடுக்கரே, தேனை நேரடியாக ஷேக்கரில் விடாதீர்கள். குளிர்ந்ததும் இறுகி அடியில் ஒட்டிக்கொள்ளும். வெந்நீரில் சரிபாதி கரைத்து ஆறவைத்து ஊற்றுங்கள்.

துடுக்கன்:
அடியில் ஏதோ கெட்டியாகத்தான் கிடந்தது. சரி, தேன் விஷயம் எடுத்துக்கொள்கிறேன். இன்று ராத்திரி ஜின்னில் டீத்தூளை ஊறப்போட்டுக் காலையில் வடிக்கப்போகிறேன். அடுத்து மிளகாய், புகையிலை என்று வரிசையாக ஒரு கை பார்க்க வேண்டும்.

அளவுக்காரன்:
டீயை ராத்திரி முழுக்க விட்டால் துவர்ப்பில் நாக்கு சுருண்டுவிடும். ஒரு மணி நேரம் தாராளம். மிளகாயை நிமிடக்கணக்கில் ருசி பார்த்து வடித்துவிடுங்கள்.

நிதானி:
புகையிலை மட்டும் வேண்டவே வேண்டாம். நிகோடின் மதுவில் எளிதாக இறங்கும், எவ்வளவு இறங்கியது என்று நாக்குக்குத் தெரியாது. அது விஷம். கறுப்பு நிறத்துக்காகக் கரித்தூள் போடுகிறவர்களும் கவனிக்கவும். அது நாம் சாப்பிட்ட மாத்திரையையும் வயிற்றிலேயே உறிஞ்சிக்கொள்ளும், மருந்து வேலை செய்யாமல் போகலாம். இது ருசி சம்பந்தப்பட்ட வாதம் இல்லை.

துடுக்கன்:
புகையிலையை விட்டாச்சு. அளவுக்குவளை மட்டும் வாங்கமாட்டேன்.

அளவுக்காரன்:
டீ ஜின்னையாவது முதலில் வெறும் டானிக் வாட்டரோடு குடித்துப் பாருங்கள். வேறு எதுவும் சேர்க்காமல்.

துடுக்கன்:
கொஞ்சம் துளசி இலை?

அளவுக்காரன்:
இரண்டாவது கோப்பையில்.