உதவி: மலையாள டைப்பிங் சாப்ட்வேர் எல்லா லாகின்லயும் தானா ஓபன் ஆகுது

கொழிஞ்சாம்பாறைக்காரன்: அவசரம்ங்க. வீட்டுல ஒரே கம்ப்யூட்டர், ஆளுக்கொரு லாகின். தங்கச்சிக்காகப் போட்ட மலையாள டைப்பிங் சாப்ட்வேர் அப்பா லாகின்லயும் தானா ஓபன் ஆயிருது. தீவனக் கடை பில்லுல பருத்திக்கொட்டைன்னு இங்கிலீஷ்ல அடிச்சா மலையாளத்துல விழுகுது. அப்பா லாகின்ல நிறுத்துனா தங்கச்சிக்கும் நின்னு போகுது. என்னங்க பண்றது?

வாளையார்_வண்டி: விண்டோஸா? எந்த வெர்ஷன்? எங்க போயி நிறுத்துனீங்க? அட்மின் யாரு?

தேங்காத்தொட்டி: வைரஸ்தான். கிராக் பண்ணுன பில்லிங் சாப்ட்வேர் ஏதாச்சும் போட்டிருப்பீங்க. ஃபார்மேட் அடிச்சிருங்க.

கணினிச்_செம்மல்: மிக அடிப்படையான கேள்வி. தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கும் பழக்கம் வர வேண்டும். டாஸ்க் மேனேஜர், ஸ்டார்ட்அப் டேப், வலது கிளிக், டிசேபிள். அது லாகினுக்கு லாகின் தனி.

மீனாட்சிபுரத்தான்: அதைப் பண்ணிட்டுத்தானுங்க அவரு இங்க வந்து கேக்கறாரு?

கொழிஞ்சாம்பாறைக்காரன்: விண்டோஸ் 10ங்க. அப்பாதுதான் அட்மின். டாஸ்க் மேனேஜர்லதான் டிசேபிள் பண்ணேன்.

கணினிச்_செம்மல்: விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்துவிட்டது. முதலில் 11-க்கு மாறவும்.

வாளையார்_வண்டி: 11-க்குப் போனாலும் இது இப்படித்தாங்க. தானா ஓபன் ஆகறதுக்குப் பொது இடம் ஒண்ணு, ஆளாளுக்குத் தனி இடம் ஒண்ணு இருக்கு. உங்களுது பொதுவுல உக்காந்திருக்கு. அட்மின் டிசேபிள் பண்ணுனா அதையும் பொதுவுலயே எழுதி வெக்கும், அதான் தங்கச்சிக்கும் நின்னுச்சு.

தங்கச்சி லாகின்ல விண்டோஸ் கீயும் ஆர் கீயும் சேர்த்து அமுக்கி, 'ஷெல்:காமன் ஸ்டார்ட்அப்'னு அடிங்க (இங்கிலீஷ்லதான்). அங்க அந்த ஷார்ட்கட் இருந்தா காப்பி பண்ணி, 'ஷெல்:ஸ்டார்ட்அப்'ல ஒட்டுங்க. அப்புறம் அப்பா லாகின்ல போயி பொதுவுல இருக்கறதை அழிச்சிருங்க.

அங்க இல்லையா, ரெஜிஸ்ட்ரில (விண்டோஸ் தன் செட்டிங்கை எல்லாம் எழுதி வெக்கற இடம்) ஹெச்கேஎல்எம் (எல்லா லாகினுக்கும் பொது) கீழ சாப்ட்வேர், மைக்ரோசாப்ட், விண்டோஸ், கரண்ட்வெர்ஷன், ரன். 32 பிட் ப்ரோகிராம்னா சாப்ட்வேருக்குக் கீழ வாவ்6432நோட்னு ஒண்ணு, அதுக்குள்ள இதே வழி. எக்ஸ்போர்ட் பண்ணி வெச்சுட்டு அந்த வரியை எடுங்க. தங்கச்சி லாகின்ல ஹெச்கேசியூ (அந்த லாகினுக்கு மட்டும்) ரன்ல அதே வரியைச் சேருங்க, அதுக்கு அட்மின் வேண்டியதில்லை. சாப்ட்வேரைத் திரும்ப இன்ஸ்டால் பண்ணுனா பழையபடி பொதுவுல வந்து உக்காரலாம், ஒரு கண்ணு வெச்சுக்கோங்க.

கணினிச்_செம்மல்: விவரம் தெரியாதவர்களை ரெஜிஸ்ட்ரி பக்கம் அனுப்புவது பொறுப்பற்ற செயல்.

வாளையார்_வண்டி: அதுக்குத்தானுங்க மொதல்ல ஃபோல்டரைச் சொன்னேன்.

பெங்குவின்_தம்பி: ஸ்கூல்ல கைட் (கேரள அரசோட ஸ்கூல் கம்ப்யூட்டர் அமைப்பு) குடுக்கற உபுண்டு லினக்ஸ்தானே ஓடுது? ஐடி அட் ஸ்கூல்னு பேரு இருந்தப்பவே, 2017-க்கு முன்னாடியே, லினக்ஸ்தான். வீட்லயும் அதையே போடுங்க. அதுல ஆளோட தனி ஆட்டோஸ்டார்ட் ஃபோல்டர்ல, பொதுவுல இருக்கற ஃபைலோட அதே பேர்ல ஒரு ஃபைல் வெச்சு 'ஹிட்டன்=ட்ரூ'ன்னு எழுதுனா அந்த ஆளுக்கு மட்டும் வராது.

மீனாட்சிபுரத்தான்: கடை பில்லிங் சாப்ட்வேரும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும் அதுல ஓடறதுக்கு நீயே வந்து உக்காந்து போட்டுத் தருவியா தம்பி?

தத்தமங்கலம்_டீச்சர்: அந்த சாப்ட்வேரே எதுக்கு? விண்டோஸ்லயே மலையாளம் இன்ஸ்கிரிப்ட் கீபோர்டு லேஅவுட் இருக்கு. பாப்பா லாகின்ல மட்டும் அந்த லாங்குவேஜைச் சேர்த்தா அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது. ஒருக்கா பழகிட்டா தமிழுக்கும் அதே விரல்தான். ரெண்டுலயும் 'க' கே கீலதான் இருக்கு.

மீனாட்சிபுரத்தான்: தமிழ் இன்ஸ்கிரிப்ட் யாருங்க டீச்சர் அடிக்கறாங்க? தமிழ்99-ல 'க' ஹெச் கீல, கை வெக்கற வரிசையிலயே இருக்கு.

தத்தமங்கலம்_டீச்சர்: கே கீயும் அதே வரிசைதான். எங்க பிள்ளைங்க தமிழ், மலையாளம் ரெண்டும் அடிக்கணும். ரெண்டு பாஷைக்கு ரெண்டு லேஅவுட் மனப்பாடம் பண்ணச் சொல்றீங்களா?

மீனாட்சிபுரத்தான்: ரெண்டு பாஷையே படிக்கறாங்க, லேஅவுட் படிக்க மாட்டாங்களா!

கொழிஞ்சாம்பாறைக்காரன்: சரியாயிருச்சுங்க. இப்ப தங்கச்சிக்கு மட்டும் வருது. வண்டி அண்ணா, நன்றிங்க.

வாளையார்_வண்டி: எதுல இருந்துச்சுங்க, ஃபோல்டரா ரெஜிஸ்ட்ரியா? சொல்லிட்டுப் போனா அடுத்து வர்றவங்களுக்கு ஆகும்.