சென்னை – தூத்துக்குடி: 527 கி.மீ.க்கு ஏன் ஒன்றரை மணி நேரம்?

சென்னை விமான நிலையமான மீனம்பாக்கத்திலிருந்து தூத்துக்குடி விமான நிலையம் இருக்கிற வாகைக்குளம் நேர்கோட்டில் சுமார் 527 கி.மீ., கடல் மைலில் 285. இந்தத் தடத்தின் பழைய ஆள் ஏடிஆர் 72 என்ற சின்ன விசிறி விமானம். மேலே போனபின் அதன் வேகம் மணிக்கு 510 கி.மீ. வகுத்துப் பார்த்தால் ஒரு மணி இரண்டு நிமிடம். டிக்கெட்டிலோ ஒன்றரை மணியை ஒட்டி இருக்கும். ஏமாற்று ஒன்றுமில்லை. டிக்கெட் நேரம் என்பது நிறுத்துமிடத்தை விட்டு நகர்வது முதல் அங்கே போய் நிற்பது வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போய் வரிசையில் நிற்பது, இறங்கியபின் ஊர்வது எல்லாம் சேர்த்து 15 நிமிடம் வையுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகம் வராது. அதில் ஒரு 10 போகும்.

–––

ஓடுபாதைத் திசையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சென்னையின் பெரிய ஓடுபாதை 07/25: 07 என்றால் கிழக்கே கடல் பக்கம், 25 என்றால் மேற்கே பார்த்துக் கிளம்புவது. ஐப்பசி, கார்த்திகையில் வாடை அடிக்கும்போது கடலைப் பார்த்துக் கிளம்பி, தெற்கே வளைந்துதான் தடம் பிடிக்க வேண்டும். மேற்குக் காற்றுக் காலத்தில் 25-இல் கிளம்பினால் கிட்டத்தட்டப் போகிற திசைதான். சில நிமிடம் மிச்சம்.

–––

ஆடிக்காற்றுக்குப் பயந்து கேட்பவர்களுக்கு: அந்தக் காற்றின் பலம் 5,000 அடியை ஒட்டிய உயரத்தில்தான். ஏடிஆர் பறக்கிற 17,000 அடியில் அது தணிந்துவிடும். அதனால் பயண நேரம் பெரிதாக அதிகரிக்காது, குலுக்கல் இறங்கும்போதுதான். மேற்கு பார்த்து இறங்க வேண்டியிருந்தால் விமானம் கடல் பக்கம் போய், உப்பளங்கள் மேலாகத் திரும்பி வரும். "ஊர் வந்தும் ஏன் சுற்றுகிறான்" என்று பக்கத்து இருக்கையில் கேட்பார்கள். காற்றை எதிர்த்து இறங்கினால்தான் குறைந்த தூரத்தில் நிற்கும்.

–––

தூத்துக்குடியின் பழைய ஓடுபாதை 1,350 மீட்டர்தான். ஏடிஆர் தவிர வேறு வழியில்லாததற்கு அதுதான் காரணம். இப்போது 3,115 மீட்டர். புது முனையம் 2025 ஜூலையில் திறந்தாயிற்று. ஆனால் ஜெட் வந்தால் நேரம் பாதியாகும் என்று நினைக்க வேண்டாம். ஊர்வது, வரிசை, வளைவு எல்லாம் அப்படியேதான் இருக்கும். 15, 20 நிமிடம் குறைந்தால் அதிகம்.

–––

ஏடிஆரில் ஏறுவோருக்கு: தலைக்கு மேல் அறை சின்னது. 7 கிலோவுக்குள் இருந்தாலும் கட்டியான டிராலி உள்ளே போகாது. படிக்கட்டுப் பக்கத்தில் சீட்டு ஒட்டி வாங்கிக்கொள்வார்கள். மருந்து, பவர் பேங்க், நகை இருந்தால் முன்பே கைப்பைக்கு மாற்றிவிடுங்கள். ஏறுவது பின்வாசல் வழி, ஆகவே கடைசி வரிசைக்காரர் முதலில் இறங்குவார். இறக்கை மேலே இருப்பதால் எந்த ஜன்னலிலும் தரை தெரியும். காலையில் தூத்துக்குடிக்குப் போகும்போது கடல் பார்க்க இடப்பக்கம் கேளுங்கள், வெயிலும் அந்தப் பக்கம்தான்.

–––

சிங்கப்பூர், துபாயிலிருந்து வந்து சென்னையில் மாறுபவர்கள் இரண்டு மணி இடைவெளியை நம்ப வேண்டாம். குடியேற்றம், பெட்டி எடுப்பது, சுங்கம் மூன்றும் சென்னையிலேயே. பிறகு உள்நாட்டு முனையத்துக்கு நடந்து, மறுபடி பெட்டி போட வேண்டும். கவுன்ட்டர் ஒரு மணி நேரம் முன்னாலேயே மூடிவிடும். இரண்டும் தனித்தனி டிக்கெட் என்றால், தவறிய விமானத்துக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். குறைந்தது நான்கு மணி விடுங்கள்.

–––

போகி அன்று விடியற்கால விமானம் மட்டும் எடுக்காதீர்கள். சென்னையில் புகையும் பனியும் சேர்ந்து ஓடுபாதையே தெரியாமல் போகும். காலையில் ஒன்று தாமதமானால், அதே விமானம் அன்று முழுக்கப் போய்வருகிற எல்லா நடையும் தள்ளிக்கொண்டே போகும்.