புதுப்பிப்பு: அக்கா பையனுக்கு டிசி கொடுக்கறோம்னு சொன்ன விஷயம்

ரெண்டு வாரம் முன்னாடி எழுதியிருந்தேன்ல, எட்டாவது படிக்கிற அக்கா பையன் கவர்மென்ட் ஸ்கூல்ல டெஸ்க்கை உடைச்சுட்டான், டிசி வாங்கிட்டு போங்கன்னு அக்காகிட்ட லெட்டரே எழுதி வாங்கிட்டாங்கன்னு. என்னாச்சுன்னு நிறைய பேர் கேட்டீங்க.

திங்கக்கிழமை நானும் அக்காவும் ஹெச்எம்மை பாத்தோம். நீங்க சொன்ன மாதிரியே 2009 கல்வி உரிமைச் சட்டத்தை பிரிண்ட் எடுத்துட்டு போனேன், பிரிவு 16ல எட்டாவது முடிக்கிற வரைக்கும் எந்தப் பிள்ளையையும் ஸ்கூலை விட்டு நீக்கக்கூடாதுன்னு தெளிவா இருக்கு. சார் ரெண்டு தடவை படிச்சாரு, அப்புறம் டிராயரைத் திறந்து அக்கா லெட்டரை எடுத்து அக்கா கையிலயே கொடுத்துட்டாரு. அக்கா அங்கயே அழுதுட்டா.

டெஸ்க்கை உடைச்சதுக்காக ஸ்கூல்ல அவனை வெயில்ல முட்டி போட வெச்சதையும் கேட்டோம், பிரிவு 17 அடிக்கிறதை மட்டும் இல்ல, மனசளவுல துன்புறுத்துறதையும் தடை பண்ணுது. இனிமே நடக்காதுன்னாரு.

பையன் பண்ணது தப்புதான், அதை நான் மறைக்கல. பள்ளி மேலாண்மைக் குழுல ஒரு தச்சர் அண்ணன் இருக்காரு, சனிக்கிழமை அவர்கூட உக்காந்து பலகையைப் பிடிச்சு ஆணி எடுத்துக் கொடுத்து அவனே அந்த டெஸ்க்கை சரி பண்ணான், வீட்டுக்கு வரும்போது விரலெல்லாம் ஃபெவிகால் காஞ்சு போயிருந்துச்சு. இந்த மாதிரி தண்டனைதாங்க பிள்ளைங்களுக்கு வேணும்.

ஒன்பதாவதுல இருந்து பிரிவு 16 வராது, அதனால பெரிய கிளாஸ் பிள்ளைங்க வெச்சிருக்கவங்க எதுவா இருந்தாலும் எழுத்துல கேளுங்க, அவசரப்பட்டு எதுலயும் கையெழுத்து போடாதீங்க. கல்வித்துறை உதவி எண் 14417.